தினமும் பார்த்த பக்கம்

வெள்ளிக்கிழமை பூஜைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் அந்த நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். டெய்லர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பார்கள், கற்பூரத் தட்டு ஆபீஸ் வரைக்கும் வரும். நான் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பக்கத்து நாற்காலியில் தமிழ்மதி எழுந்திருக்கவே இல்லை. மவுஸின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது. கண் மட்டும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் நின்றிருந்தது. அப்பா காணாமல் போன நாளிலிருந்து அந்தப் பெண் கண்ட கண்ட நேரத்தில் இப்படி உறைந்துபோவது உண்டு என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

என் பெயர் சித்ராதேவி. அருள்புரத்தில் வெளிநாட்டுக்கு டி-சர்ட் அனுப்புகிற ஒரு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதைப் பற்றி யாரும் என்னிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்மதி எங்களிடம் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். வெளிநாட்டுக் கடைகள் இந்த சீசனில் என்ன கலர் விற்கின்றன, என்ன காலர் வைக்கின்றன, எந்த டிசைனைத் தள்ளுபடியில் போட்டுவிட்டன என்பதையெல்லாம் அவர்களுடைய வெப்சைட்டிலிருந்து திரட்டிக் கொடுப்பது அவள் வேலை. அவள் வருவதற்கு முன்னால் அதை நான் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். நான் ஒரு வாரம் முக்கிச் செய்ததை அது டீ குடித்துவிட்டு வருவதற்குள் செய்து முடித்தது. எங்கள் முதலாளி தீனதயாளன் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வார்.

ஒரு தடவை மட்டும் வம்பாகிவிட்டது. சீசன் நேரத்தில் அவள் ஒரே கடையின் பக்கங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அந்த வெப்சைட் எங்களைக் கதவைச் சாத்தி வெளியே தள்ளிவிட்டது. தீனதயாளன் ஆபீஸே அதிரக் கத்தினார். அதற்கப்புறம் தமிழ்மதி புரோகிராமில் ஒரு புது லைப்ரரியை, யாரோ எழுதி வைத்த துணைப் புரோகிராமை, சேர்த்தாள். எனக்கு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம், அதனால் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. ஒருக்கா வாங்கின பக்கத்தை இங்கயே ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுக்கும். மறுக்கா அதே பக்கத்தைக் கேட்டா வெளிய போகாது, ஃபைல்ல இருக்கறதையே எடுத்து நீட்டிரும். கடைக்காரனுக்கும் தொந்தரவில்லை, நமக்கும் திட்டில்லை."

"அப்ப கடைக்காரன் கலரை மாத்துனா நமக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த ஃபைலை அழிச்சர்றது. அடுத்த வாரத்துக்குப் புதுசா எடுத்துக்கும்."

எத்தனை நாளைக்கு அந்தப் பிரதி செல்லும் என்று புரோகிராமிலேயே எழுதி வைக்கலாமாம். அவள் எழுதவில்லை, தேவைப்படவும் இல்லை. பூஜை மணி அடித்தால் ஃபைலை அழிக்க வேண்டும் என்பது அவள் கைக்குப் பழகிவிட்டது. கற்பூரத் தட்டு வருவதற்குள் அழித்துவிட்டு எழுந்து நிற்பாள். நான்கூடக் கேலி செய்வேன், முருகனுக்கு ஆரத்தி, உன் ஃபைலுக்குக் கருமாதியா என்று. அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் அப்பா பெயர் சென்னிமலை. பேருக்கேற்ற முருக பக்தர். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். போன வருஷம் லேசாக வாதம் வந்து பேச்சு குழறிவிட்டது. பாதி வார்த்தை வரும், பாதி வராது, கோபம் வந்தால் ஒன்றுமே வராது. இந்த வருஷம் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். மாலையைப் போட்டுக்கொண்டுவிட்டார். மாலை போட்டுவிட்டால் போனைத் தொட மாட்டார், அது அவருடைய விரதத்தில் ஒன்று. பச்சை வேட்டியும் பச்சைத் துண்டுமாக, அதே பச்சையில் நடந்த ஆயிரக்கணக்கான பேரோடு அவரும் போனார். கூட்டிப் போனவர் அருள்செல்வன், தமிழ்மதியின் தாய்மாமன்.

தாராபுரம் தாண்டி ஓர் அன்னதானப் பந்தலில் கால் வீங்கி உட்கார்ந்தவர், நீங்கள் நடங்கள் என்று கையைக் காட்டியிருக்கிறார். முந்தின வருஷமும் அதே மாதிரி உட்கார்ந்து, அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்தான். அதனால் அருள்செல்வன் கவலைப்படவில்லை. பஞ்சாமிர்தத்தோடு திரும்பி வந்து, "மச்சான் எங்கேக்கா?" என்று கேட்டபோதுதான், வீட்டில் இருந்தவர்களுக்கு அவர் வரவில்லை என்று புரிந்தது.

அந்தப் பந்தல், அந்த ரோடு, பழனி அடிவாரம், பஸ் ஸ்டாண்டு, ஒன்று விடாமல் தேடினார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். போட்டோ அடித்து ஒட்டினார்கள். அப்போது யாரோ அந்த வெப்சைட்டைப் பற்றிச் சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பேர் ஊர் தெரியாமல் கிடக்கிற நோயாளிகளின் விவரத்தைத் திரட்டிப் போட ஒரு சேவை அமைப்பு அதை நடத்துகிறது. மாவட்டத்துக்கு ஒரு பக்கம் நோயாளிகளுக்கு, ஒரு பக்கம் இறந்தவர்களுக்கு. தமிழ்மதி முதல் நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு அவளால் சாப்பிட முடியவில்லை. சைட்டும் ஆமை வேகம், நடுநடுவே நின்றுவிடும். தினமும் இதைச் செய்ய முடியாது என்று அன்று மத்தியானமே ஆபீஸ் புரோகிராமை வீட்டு லேப்டாப்பில் காப்பி எடுத்து, கடைகளின் முகவரிக்குப் பதில் இந்தப் பக்கங்களின் முகவரியைப் போட்டாள். காலரும் கலரும் தேடிய இடத்தில் வயது, பச்சை வேட்டி, பேச்சு வராதவர் என்று தேடச் சொன்னாள். ஓட்டிப் பார்த்தாள். இல்லை என்று வந்தது. அன்றைக்கு அது உண்மைதான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் கம்பெனி வேனுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதை ஓட்டுவாள். அவள் அம்மா செல்லாத்தாள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நிற்பாராம்.

"இருக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"ரெண்டுலயும் இல்லைதான?"

"ரெண்டுலயும் இல்லீங்க."

இறந்தவர்கள் பக்கத்திலும் இல்லை என்றால் எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம். செல்லாத்தாள் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டுவார். குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு முருகன் கோவிலுக்குப் போவார். அக்கம்பக்கத்தில் கேட்டால், "எம்புள்ள தெனமும் எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்துருதுங்க, எங்கியும் இல்லீங்க, அவுரு நல்லாத்தான் இருப்பாரு" என்பார். வேனில் ஏறும்போது நான் தமிழ்மதியின் முகத்தைப் பார்ப்பேன். அவள் தலையை ஆட்டுவாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

இடையில் ஒரு நாள் செல்லாத்தாள், நேரிலேயே போய் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறார். தெற்கே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்கெல்லாம் கொண்டுபோயிருப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அருள்செல்வனும் காரை எடுத்துவிட்டார். தமிழ்மதிதான் தடுத்தாள். "அங்க போய் வார்டு வார்டா அலைஞ்சு நீங்களும் படுத்துக்காதீங்கம்மா. அங்க இருக்கறது எல்லாம் இதுல வந்துருமுங்க. நான் தெனமும் பார்க்கறேனல்ல" என்றாள். படித்த பிள்ளை சொல்கிறது என்று அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டார். அன்று வேனில் அவள் இதைச் சொன்னபோது, நல்ல வேலை செய்தாய் என்று நானும் சொன்னேன்.

ஒரு முறை அவள் ஆபீசிலேயே அதை ஓட்டியதைப் பார்த்தேன். தட்டிய கையோடு முடிந்துவிட்டது. இத்தனை மாவட்டத்தையும் இதற்குள் பார்த்துவிட்டதா என்று கேட்டேன். "மெஷின்தானக்கா" என்றாள். தூக்கமில்லாத கண். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கற்பூரத் தட்டு தாண்டிப் போய்விட்டது, மெஷின்கள் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டன. தமிழ்மதி இன்னும் அசையவில்லை.

"என்னாச்சு கண்ணு?"

"ஃபைலை அழிச்சனுங்கக்கா" என்றாள்.

"அதுதான் வாராவாரம் அழிக்கறயே."

"இங்க அழிக்கறேன்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டு லேப்டாப்புல யாருக்கா அழிக்கறது?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கூடவே கொண்டுவருகிற அந்த வீட்டு லேப்டாப்பை அவள் பையிலிருந்து எடுத்தாள். மேஜையில் திறந்து வைத்தாள். ஒரு ஃபைலைக் காட்டினாள். அது உண்டான தேதி, அவள் முதன்முதலில் தேடிய அந்த நாள். அதற்கப்புறம் அது மாறவே இல்லை. அதை அழித்துவிட்டுப் புரோகிராமை ஓட்டினாள்.

இந்தத் தடவை அது முடியவில்லை. ஒரு மாவட்டத்தின் பெயர் வந்தது, நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் அடுத்த மாவட்டம். தீனதயாளன் வந்து ஏதோ சாம்பிள் கேட்டார், நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன், முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அவரும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். உண்மையாகத் தேடினால் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் காலையில் அந்தத் தாய் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டதெல்லாம் முதல் நாள் பதில். அந்த ஒரு பதிலையே அது ஒரு மாதமாக எடுத்து எடுத்து நீட்டியிருக்கிறது.

தெற்கே ஒரு மாவட்டத்தில் ஒரு வரி வந்தது. ஆண், வயது அறுபது இருக்கலாம், பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, பேச்சு இல்லை. நோயாளிகள் பக்கத்தில் இல்லை. இறந்தவர்கள் பக்கத்தில் இருந்தது.

போட்டோவை அவள் திறக்கவில்லை, நான் திறந்தேன். சென்னிமலைதான். தாடி வளர்ந்திருந்தது, கண் திறந்திருந்தது. உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோ. கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியும் இறந்த தேதியும் போட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த நாட்களை அவள் விரலால் திரையில் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

நான் அருள்செல்வனுக்குச் சொன்னேன், அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்த நம்பருக்கு அவர் போன் போட்டார். எடுத்த பையன் தன்மையாகப் பேசினான். ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவரை யாரோ பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சில நாள் கழித்து அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். இறந்த பிறகு போலீஸ் சொன்ன நாள் வரைக்கும் காத்திருந்து, யாரும் வராததால் அந்தச் சேவை அமைப்பினரே அடக்கம் செய்துவிட்டார்கள். மாலை போட்டிருந்ததால் திருநீறு வைத்துத்தான் அடக்கம் செய்தோம், அண்ணே என்றானாம்.

மறுநாள் காலையில் காரில் போனோம். அருள்செல்வன் ஓட்டினார், நான் முன்னால், அம்மாவும் மகளும் பின்னால். இறந்துவிட்டார் என்பதை செல்லாத்தாளிடம் சொல்லியாகிவிட்டது. எப்போது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. துவைத்து மடித்த ஒரு வேட்டியையும் சட்டையையும் பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "எதுக்குங்கக்கா அது" என்று அருள்செல்வன் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

வழியெல்லாம் அவர்தான் மகளைத் தேற்றிக்கொண்டு வந்தார். மகளின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். "நீ என்ன பண்ணுவே சாமி. நீயுந்தான் ஒரு நாள் விடாமப் பார்த்தே. விதி அப்படி. நீ அழுவாத" என்றார். தமிழ்மதி அழவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தம்மா ஒவ்வொரு தடவை தேற்றும்போதும் எனக்குக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

அடக்கம் செய்த இடத்தைப் பார்த்தோம். பெயர் இல்லாத மண்மேடுகளுக்கு நடுவில் ஒரு மண்மேடு. அந்தப் பையன் காட்டிய இடத்தில் செல்லாத்தாள் விழுந்து அழுதார். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. எழுந்த பிறகு, அவர் படுத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று தமிழ்மதி முதல் முறையாக வாயைத் திறந்தாள். அம்மா கேட்கவில்லை.

அது ஒரு நீளமான ஆண்கள் வார்டு. வாசலிலேயே எதிர்ப்பட்ட வயதான நர்ஸ் ஒருவருக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது.

"பச்சை வேட்டித் தாத்தாதானே? நீங்க அவரு வீட்டம்மாவா? ஏம்மா, இம்புட்டு நாள் கழிச்சு வர்றீங்களே."

"இல்லீங்க" என்றார் செல்லாத்தாள் அவசரமாக. அவர் குரலில் அந்த நிலையிலும் ஒரு பெருமை இருந்தது, அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. "நாங்க தேடாம இல்லீங்க. எம்புள்ள கம்ப்யூட்டர்ல தெனமும் எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்துச்சுங்க. ஒரு நாள் விடலீங்க."

நர்ஸ் கெட்டவர் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். "தினமுமா? அப்புறம் எப்படிம்மா தெரியாமப் போச்சு? அவரு வந்த மறுநாளே போட்டோ எடுத்து சேவை அமைப்புப் பசங்க கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்களே. தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு இங்க வந்தாரு, சிவராத்திரிக்கு முந்தி வரைக்கும் இருந்தாரு. பேச்சுதான் வராது, நினைவெல்லாம் நல்லா இருந்துச்சு. கஞ்சி குடிப்பாரு. சாயங்காலம் ஆள் பார்க்க விடுற நேரம் வந்தா அந்த வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் தலையைத் தூக்கிப் பார்ப்பாரு."

செல்லாத்தாள் மகளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ தவறிப் போயிருக்கிறது, மகள் அதைச் சரியாகச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்துப் பார்த்தார்.

"கண்ணு, இந்தம்மா என்ன சொல்லுது? உசுரோட இருந்தப்பவே அதுல இருந்தாருன்னா, நீ பார்க்கறப்ப ஏன் இல்லை?"

நான் குறுக்கே புகுந்து ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பேன். கரண்ட் இல்லை, நெட் இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று. வாயைத் திறந்தும்விட்டேன். தமிழ்மதி என் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"இருந்தாருங்கம்மா. அப்பா அதுல இருந்தாரு. நான் மொத நாள் எடுத்த பக்கத்தையே தெனமும் பார்த்திருக்கேன். புதுசா எடுத்துட்டு வரச் சொல்லாம விட்டுட்டேனுங்கம்மா."

"தெனமுமா?"

"தெனமும்."

"நான் இங்க வரலாம்னு கெளம்பினனே, அன்னிக்கு?"

தமிழ்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கும் இங்கதான் இருந்தாருங்க."

வார்டுக்கு வரும்போதும் பிடித்திருந்த மகளின் கையை செல்லாத்தாள் விட்டார். உதறவில்லை. மெதுவாகத் தன் கையை உருவி எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "எந்தக் கட்டிலுங்க?" என்று நர்ஸைக் கேட்டார். நர்ஸ் காட்டிய கட்டிலில் இப்போது வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். செல்லாத்தாள் அதன் தலைமாட்டில் போய் நின்று, அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று தெரிந்துகொள்வது போல, அங்கிருந்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் தமிழ்மதி நின்றிருந்தாள். உள்ளே வரட்டுமா என்று கேட்கிற முகத்தோடு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். செல்லாத்தாள் நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று கூப்பிடவில்லை.